ஒன்றுக்கு முப்பத்தைந்து

காஸல் நகரில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில்
காப்பிக் கறைகூட வைத்துத் தருவேன், கேட்டால்.
இரவில் அதே இடுக்கி, அதே விளக்கு,
அதே பூதக்கண்ணாடி.
பெட்டிக்குள் ஒரு போர்வண்டி
எழுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக.

முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலி.
எதுவாக இருப்பதென்று முடிவெடுக்காமலே
கிழக்கே கிளம்பிவிட்ட வண்டி.
ஒரு பக்கத்துக்கு ஐம்பத்தைந்து கண்ணி,
கண்ணிக்கொரு ரப்பர் பட்டை,
அரிசி நொய்யளவு.
மூன்று வாரம் போனது அதற்கு.
ஒன்று தரைவிரிப்பில் விழுந்து
நள்ளிரவில் முழங்காலிட்டுத் தேடினேன்.
அதற்கு முன் எப்போது முழங்காலிட்டேன்,
நினைவில்லை.

வழிமுறைத் தாளுக்குத் தெரியாதது இல்லை.
துப்பாக்கித் தாங்கி எத்தனை பாகை சாய வேண்டும்,
பின்கதவின் தாழ் எந்தப் பக்கம்,
பி பதினைந்தை ஒட்டும் முன் பி பதினாறை ஒட்டாதே.
பத்துப் பேர் உட்காரும் பலகையில்
யார் உட்கார்ந்தார்கள் என்பதற்கு மட்டும்
எண் இல்லை.

மூக்கின் மேல் விரிக்க ஒரு கொடி உண்டு,
சொந்த விமானமே சுட்டுவிடாமல் இருக்க.
அதன் நடுவில் இருந்த சின்னத்தை
இங்கே முழுசாக அச்சிட்டு விற்க முடியாது.
ஆகவே இரண்டு பாதியாக வருகிறது,
தாளின் இரண்டு மூலையில்,
ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி.
சேர்ப்பது வாங்கியவர் பாடு.
ஒரு பாதியை நீரில் நனைத்தேன்.
நழுவி வந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது.
சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.
கொடி இல்லாமலே வண்டி முடிந்தது.

மிச்சம் சேறு.
சேறும் குப்பியில் கிடைக்கிறது:
முப்பது மில்லி, ஆறு யூரோ,
பெயர் 'உக்ரைன் மண்'.
செம்பழுப்பு. பிஸ்கட் தூள் நிறம்.

ஸ்லாட்டா என் பக்கத்து மேசைக்காரி.
முன்பற்களுக்குப் பீங்கான் பூசுபவள்.
பொல்தாவாவிலிருந்து வந்து மூன்று வருடம்.
ஞாயிற்றுக்கிழமை,
இரவல் வாங்கிய தூரிகையைத் திருப்பித்தர வந்தாள்.
வண்டியைத் துணியால் மூட நினைத்தேன்,
கை எட்டவில்லை.
அவள் வண்டியைப் பார்க்கவில்லை.
குப்பியை எடுத்தாள். பெயரை வாசித்தாள்.
மூடியைத் திறந்து மோந்தாள்.
"இது யார் ஊர் மண், ஓர்ட்ரூன்?"

எங்களுடையது கரிசல், என்றாள்.
மழை விழுந்தால் செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும்.
காலைத் திருப்பித் தரும்,
அதுவும் யோசித்துத்தான்.

கேட்காமலே சமையலறைக்குப் போனாள்.
காப்பிச் சக்கை, என் பெட்டியிலிருந்து கறுப்புத் தூள்,
பல்லச்சு வார்க்கும் சுண்ணம் ஒரு கரண்டி, பசை.
கன்னங்கரேலென்று வரும்வரை பேசாமல் பிசைந்தாள்.
பிறகு ஒரு பழைய பல் பிரஷ்.
"செப்டம்பரில் இவ்வளவு."
சங்கிலியின் கீழ் வரிசை போயிற்று.
"அக்டோபரில் இவ்வளவு."
ஐம்பத்தைந்து, இந்தப் பக்கமும் ஐம்பத்தைந்து,
ஒவ்வொரு நொய்யும்.
போதும் என்று சொல்ல வாய் திறந்தேன்.
என்னைப் பார்த்தாள்,
நிறம் பொருந்தாத பல்லைப் பார்ப்பதுபோல.
அச்சாணி மறையும் வரை அப்பிவிட்டுத்தான்
பிரஷ்ஷைக் கழுவினாள்.

தேநீர் குடித்தோம்.
திங்கட்கிழமை வேலையைப் பற்றிப் பேசினோம்:
ஒரு பேக்கரிக்காரரின் மேல்தாடை, ஆறு பல்.
அவருக்கு ரொம்ப வெள்ளையாக வேண்டாமாம்.

இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன்.
சேறு காய்ந்து மெல்லிசாக வெடித்திருந்தது.
ஓர் ஓரத்தைக் கிளப்பினால் கண்ணிகள் வந்துவிடும்.
இடுக்கி கையில்தான் இருந்தது.
முப்பத்தைந்தால் பெருக்கிப் பார்த்தேன்.
என் முழங்காலுக்கு மேல்.

இடுக்கியை வைத்துவிட்டுக்
குப்பியின் பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டினேன்.
பாதிதான் வந்தது.